அம்மாயியின் நெஞ்சும் சுவருக்குள் ஓடுற கரண்டும்

2022 ஏப்ரல். நாடு முழுக்கக் கரண்ட் வெட்டு, பெற்றோல் வரிசை, காஸ் தட்டுப்பாடு. அந்த நாட்களில் ஒரு பின்னேரம் எங்கள் குழுவில் ஒருத்தியின் அம்மாயிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. இடைக்கிடை ஒரு துடிப்பு விட்டுப்போகிற மாதிரியும் இருந்ததாம். கலகெதரயிலிருந்து கண்டிக்கு 20 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் அந்தக் கிழமை ஓட்டோக்காரர் யாரிடமும் கண்டி போய்வர எண்ணெய் இல்லை. அதனால் பக்கத்திலிருந்த ஒரு சின்ன தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கையிலும் காலிலும் கிளிப், நெஞ்சில் உறிஞ்சிக் குமிழ்கள். "ஆச்சி, ஆடாமப் படுங்க" என்றார் நேர்ஸ். அம்மாயி ஆடவில்லை. ஆனாலும் வெளியே வந்த கடதாசியில் கோடு ஆடியது. நெஞ்சுத் துடிப்பின் உயரமான கூர்கள் தெரிந்தன. அவற்றுக்கு இடையில் தெரியவேண்டிய சின்ன மேடுபள்ளம் எல்லாம் அரிவாள் பல்லு மாதிரி ஒரே நடுக்கத்தில் மறைந்துபோயிருந்தன. டொக்டர் கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "இதுல பி அலை இருக்கா இல்லியான்னு சொல்லேலாது. இல்லைன்னா இன்னைக்கே கண்டிக்குக் கொண்டுபோகணும்" என்றார்.

இரண்டாவது தடவை எடுக்க ஆயத்தமாகும்போது கரண்ட் போனது. அட்டவணையில் இருந்த வெட்டுதான். நேர்ஸ் ஃபோன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, மெஷினில் பற்றரி இருக்கிறதுதானே என்று அப்படியே அழுத்தினார். இருட்டில் வந்த அந்தக் கடதாசியில் கோடு கண்ணாடி மாதிரி இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் பி அலை என்கிற அந்தச் சின்ன மேடு ஒழுங்காக நின்றது. இடைக்கிடை ஒரு துடிப்பு மட்டும் முந்திக்கொண்டு வந்திருந்தது. "ராவோட ராவா ஓடத் தேவையில்லம்மா. திங்கக்கிழமை கிளினிக்குக்குக் கொண்டுபோங்க" என்றார் டொக்டர்.

அம்மாயி இப்போதும் நலமாக இருக்கிறார். அந்த இரண்டு கடதாசியும் அவருடைய கிளினிக் கொப்பிக்குள் இருக்கின்றன. ஒரே பெண், ஒரே கட்டில், ஒரே மெஷின், பத்து நிமிட இடைவெளி. வித்தியாசம் சுவருக்குள் கரண்ட் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே. பேராதனையில் கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இது ஒரு வரலாற்றுக் கேள்வியாகத் தெரிந்தது. நெஞ்சின் கோட்டுக்குள் சுவரின் கரண்ட் எப்படி வந்தது? எப்போதிலிருந்து வருகிறது? அதை வெளியேற்ற மனிதர்கள் என்னவெல்லாம் செய்தார்கள்? அக்பர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பொறியியல் பீடத்தில் இருக்கிற நண்பர்களைப் பிடித்துக் கேட்டு, வாசித்து, எங்களுக்கு விளங்கிய அளவில் எழுதுகிறோம்.

ஒரு மில்லிவோல்ற்றும் 230 வோல்ற்றும்

ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். இதயத் தசை சுருங்க முன்னர் அதற்குள் ஒரு மின்மாற்றம் ஓடுகிறது. அதன் சாயல் தோல்வரைக்கும் வருகிறது. தோலில் வைத்து அளந்தால் அது ஒரு மில்லிவோல்ற்று அளவு, அதாவது ஒரு வோல்ற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூளையின் மின்சமிக்ஞை இதைவிடவும் சின்னது. தலையின் தோலில் அது ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குதான்.

எங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடுவது 230 வோல்ற்று. நெஞ்சின் சமிக்ஞையைப் போல இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் மடங்கு. அதுவும் ஆடலோட்டம். ஒரு செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. மீடிறன் 50 ஹேர்ட்ஸ் என்று புத்தகத்தில் இருந்தது இதுதான்.

வயர் உடம்பில் தொடவே வேண்டியதில்லை. சுவர் வயர் ஒரு தகடு, உடம்பு இன்னொரு தகடு, நடுவில் காற்று. இரண்டும் சேர்ந்து ஒரு மிகச் சிறிய கொள்ளளவி ஆகிவிடுகின்றன. அதன் வழியாக ஒரு துளி ஆடலோட்டம் எந்நேரமும் எங்கள் உடம்புக்குள் கசிந்து நிலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எங்களுக்கு அது உறைக்காது, ஆபத்தும் இல்லை. ஆனால் ஒரு மில்லிவோல்ற்றைத் தேடுகிற மெஷினுக்கு அது பெருவெள்ளம். இன்னொரு வழியும் உண்டு. மெஷினின் வயர்கள் அகல விரிந்து ஒரு வளையமாகக் கிடந்தால், பக்கத்து வயர்களின் காந்தப்புலம் அந்த வளையத்துக்குள் மின்னைத் தூண்டிவிடும்.

கோயில் திருவிழாவிலோ ஊர்க் கூட்டத்திலோ மைக் செட் கட்டுகிறவருக்கு ஒத்தாசை செய்தவர்களுக்கு இது பழக்கம். அம்ப்ளிஃபயர் போட்டிருக்கும்போது வயர் முனையை விரலால் தொட்டால் ஸ்பீக்கரில் "ம்ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். அது உங்கள் உடம்பிலிருந்து வருகிற 50 ஹேர்ட்ஸ். அம்மாயியின் கடதாசியில் நடுங்கியது அதே "ம்ம்ம்ம்"தான். அங்கே காதில் கேட்டது, இங்கே மையில் விழுந்தது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கும் இருக்கிறது. ஈ.சி.ஜி. கடதாசி வழமையாக ஒரு செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடும். அப்படியானால் 5 மில்லிமீற்றர் பெரிய கட்டம் ஒன்றுக்குள் 10 பல்லு விழவேண்டும். நாங்கள் அம்மாயியின் முதல் கடதாசியை எடுத்து ஊசி முனையால் எண்ணிப் பார்த்தோம். 10. குளிரிலோ பயத்திலோ தசை நடுங்கினால் வருகிற கிறுக்கல் இப்படி ஒழுங்காக இருக்காது. இது ஒழுங்கு தவறாத நடுக்கம். நடுங்கியது அம்மாயி இல்லை.

கரண்டுக்கு முந்திய கோடு

மனித இதயத்தின் மின்கோட்டை முதன்முதலில் தோலின் மேலிருந்து பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். 1887, லண்டன் சென் மேரிஸ் மருத்துவமனை. மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் ஏறி இறங்குவதை ஒளியால் படம் பிடிக்கிற கருவி அவரிடம் இருந்தது. தன்னுடைய நாய் ஜிம்மியை உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களுக்குள் கால் வைத்து நிற்கவிட்டு அதன் துடிப்பையும் காட்டினார். 1909இல் அப்படி ஒரு காட்சிக்குப் பிறகு, நாயைக் கொடுமைப்படுத்துகிறார்களா என்று பிரித்தானியப் பாராளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது.

பாதரசம் சோம்பல். வேகமான மாற்றத்தைப் பின்தொடர முடியாது. அதைத் தாண்டியவர் வில்லெம் ஐந்தோவன். ஒல்லாந்தர் என்றாலும் பிறந்தது ஜாவாத் தீவின் செமராங் நகரில், 1860இல். தகப்பன் அங்கே டொக்டர். அவர் இறந்த பிறகு தாய் பிள்ளைகளோடு ஒல்லாந்துக்குத் திரும்பினார். லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஐந்தோவன் 1901 அளவில் உருவாக்கிய இழைக் கல்வனோமானிதான் இன்றைய ஈ.சி.ஜி.யின் தாய். தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய குவாட்ஸ் இழைக்கு வெள்ளி பூசி, இரண்டு பெரிய மின்காந்தங்களுக்கு நடுவில் தொங்கவிட்டார். நெஞ்சின் மின் அந்த இழையில் ஓடும்போது இழை அசையும். அசைவின் நிழல் ஒளிப்படத் தகட்டில் விழும். பி, கியூ, ஆர், எஸ், டி என்று நாங்கள் இன்றைக்கும் சொல்கிற பெயர்கள் அவர் வைத்தவை. 1924இல் நோபல் பரிசும் கிடைத்தது.

அந்தக் கருவி கிட்டத்தட்ட 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். மருத்துவமனைக்கு அதைத் தூக்கிப்போக முடியாது. ஆகவே 1905இல் ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர் தூரத்திலிருந்த மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வயர் வழியாக நோயாளியின் இதயச் சமிக்ஞையைத் தன் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்தார். நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளுக்குள் விட்டபடி இருப்பார். பழைய படங்களில் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த வாளியில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. கை முழுக்க நனைந்திருப்பதால் தோலுக்கும் மெஷினுக்கும் இடையில் தடை மிகக் குறைவு. இது பின்னால் எங்களுக்குத் தேவைப்படும்.

இந்த முன்னோடிகளின் காலத்தில் பெரும்பாலான கட்டடங்களின் சுவருக்குள் ஆடலோட்டம் இல்லை. அமெரிக்காவில் நேரோட்டமா ஆடலோட்டமா என்ற எடிசன், வெஸ்டிங்ஹவுஸ் சண்டை நடந்துகொண்டிருந்த காலம்தான் வாலரின் காலம். 1893 சிக்காகோ கண்காட்சியை வெஸ்டிங்ஹவுஸ் ஆடலோட்டத்தால் ஒளியேற்றினார். அதன் பிறகு ஆடலோட்டம் உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்கா 60 ஹேர்ட்ஸில் நின்றது, ஐரோப்பா 50இல் நின்றது. ஐரோப்பியர் ஆண்ட இலங்கை போன்ற நாடுகளுக்கும் அந்த 50தான் வந்தது.

கடதாசியில் விழுந்த மலையகம்

இலங்கைக்கு மின்விளக்கு வந்தது 1895இல், கொழும்பில் பிரிஸ்டல் ஹோட்டலுக்கு. மலையின் ஆறுகளிலிருந்து நாட்டுக்கே மின் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர. 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் அதை ஒரு கட்டுரையாகவே வாசித்தார். அன்றைய ஆட்சி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவருடைய லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல், அந்தக் கட்டுரைக்கு 32 வருடம் கழித்து. முதற்கட்டம் 25 மெகாவாட். பிறகு 1969இல் இலங்கை மின்சார சபை. 1985இல் கண்டிக்குக் கிழக்கே விக்டோரியா அணை, 210 மெகாவாட். அந்த அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது.

ஒரே வலையமைப்பில் இணைந்திருக்கிற இந்த மின்பிறப்பாக்கிகள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழலவேண்டும். ஒன்று மட்டும் வேகமாகவோ மெதுவாகவோ ஓட முடியாது. ஆகவே கலகெதர கிளினிக்கின் கடதாசியில் விழுந்த அந்தப் பத்துப் பல்லும் லக்சபானயிலும் விக்டோரியாவிலும் நுரைச்சோலையிலும் சேர்ந்து அடிக்கிற தாளம். இந்தப் பக்கம் அம்மாயியின் நெஞ்சு, அந்தப் பக்கம் நாடு முழுவதன் சுழலிகள், இரண்டும் ஒரே வரியில்.

இதை அம்மாயியிடம் சொன்னோம். அவர் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். ஃபெக்டரியில் விளக்கு எரிய, லயத்தில் குப்பி விளக்கு எரிந்த காலம். கரண்ட் அவருடைய வீட்டுக்கு வந்தபோது அவருக்குப் பிள்ளைகளே பிறந்துவிட்டார்கள். "கரண்டு வர்றதுக்கு முன்னாடியே அடிச்ச நெஞ்சுடா இது. அது என்னாத்துக்கு இதுக்குள்ள வந்து நிக்குது?" என்று கேட்டார். வரலாற்றுப் பாடத்தில் இவ்வளவு நேராக யாரும் எங்களிடம் கேள்வி கேட்டதில்லை.

கழிக்கிற வித்தை

இரைச்சல் பெரிய தலையிடியாக மாறியது விரியலாக்கி வந்த பிறகு. வெற்றிடக் குழாய்கள் வந்ததும் சின்ன சமிக்ஞையை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கலாம் என்றானது. ஆனால் விரியலாக்கிக்கு நெஞ்சையும் சுவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கியது.

ஜேர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பேர்கர் என்ற மனநல மருத்துவர் 1924இல் மனிதத் தலையிலிருந்து மூளையின் மின்னலையைப் பதிவு செய்தார். 1929இல் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. இவ்வளவு சின்ன அலை மூளையுடையதுதானா, கருவியிலிருந்தோ தசையிலிருந்தோ வருகிறதா என்ற சந்தேகம். 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மத்தியூஸும் அதே அலையைத் தங்கள் கருவியில் எடுத்துக் காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. இரைச்சலைக் கட்டுப்படுத்தாதவனின் கண்டுபிடிப்பை யாரும் நம்பமாட்டார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அதற்கு முன்னர் இருந்த ஒரே வழி ஒளிந்துகொள்வது. 1836இல் மைக்கல் பரடே காட்டியபடி, சுற்றிவர உலோகத்தால் மூடிய கூண்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது. ஆகவே நோயாளியையும் கருவியையும் கம்பி வலை அறைக்குள் வைத்தார்கள். ஆய்வுகூடத்துக்கு அது சரி. ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூண்டு கட்ட முடியுமா?

1930களில் மத்தியூஸ், ஜேர்மனியின் தொன்னீஸ் போன்றவர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஒளிவதற்குப் பதிலாகக் கழிப்பது. இதை எங்களுக்கு ஒரு பொறியியல் பீட நண்பன் கலகெதர டவுனை வைத்தே விளக்கினான்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் சில அடி தள்ளி நிற்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டு பேரிடமும் ஃபோன், இரண்டிலும் றெக்கோடிங். குருநாகல் பக்கம் ஒரு லொறி உறுமிக்கொண்டு போகிறது. அந்தச் சத்தம் இரண்டு ஃபோனிலும் ஒரே அளவில் விழும். முதல் ஆளின் காதருகே ஒருத்தி மெதுவாக ஒரு வார்த்தை சொல்கிறாள். அது முதல் ஃபோனில்தான் பெரிதாக விழும். இப்போது முதல் பதிவிலிருந்து இரண்டாவது பதிவைக் கழித்தால் லொறி காணாமல் போகும். மெதுவாகச் சொன்ன வார்த்தை மிஞ்சும்.

ஈ.சி.ஜி. செய்வது இதைத்தான். சுவரின் 50 ஹேர்ட்ஸ் உடம்பு முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். இதயத்தின் சமிக்ஞை மட்டும் வலது கையில் ஒன்றாகவும் இடது கையில் இன்னொன்றாகவும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சுவர் போய் நெஞ்சு நிற்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதைத் தள்ளி, வித்தியாசத்தை மட்டும் பெருக்குகிற விரியலாக்கி இது.

அப்படியானால் அம்மாயியின் முதல் கடதாசி ஏன் கெட்டது? பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிப் போவோம். இரண்டாவது ஆள் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டால் லொறிச் சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் விழாது. கழித்த பிறகும் பாதி லொறி மிஞ்சும். உடம்பில் அந்தச் சட்டைப் பை எது? காய்ந்த தோல், பூசாத ஜெல், தளர்ந்த கிளிப், துருப்பிடித்த தகடு, உள்ளே அறுந்த வயர். ஒரு கையில் தொடுகை நன்றாகவும் மற்றதில் மோசமாகவும் இருந்தால் கழித்தல் கணக்கு பிழைத்துவிடும். ஐந்தோவனின் உப்புவாளிக்கு இருந்த மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. நேர்ஸ் தோலைத் துடைத்து, ஜெல் பூசி, கிளிப்பை இறுக்குவது வெறும் சடங்கில்லை. நூறு வருடப் பாடம் அந்த ஒரு நிமிட வேலைக்குள் இருக்கிறது.

கறுப்பு வயர்

ஈ.சி.ஜி. எடுக்கும்போது கை காலில் நான்கு நிறம் பார்த்திருப்பீர்கள். வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. முதல் மூன்றும் இதயத்தைக் கேட்பவை. கறுப்பு கேட்பதில்லை. அதன் வேலையே சுவரின் கரண்டைச் சமாளிப்பது.

ஆரம்ப காலத்தில் கறுப்பு வயரை நேராக நிலத்தோடு இணைத்தார்கள். உடம்பில் ஏறுகிற ஆடலோட்டம் அதன் வழியாக இறங்கிப்போகட்டும் என்ற எண்ணம். அதில் ஒரு ஆபத்து இருந்தது. நிலத்தோடு கட்டப்பட்ட நோயாளி, பழுதாகி உயிர்க்கம்பி உரசுகிற ஒரு விளக்கையோ விசிறியையோ தொட்டுவிட்டால், முழுக் கரண்டும் அவருடைய உடம்பு வழியாகப் பாயும். கோடு சுத்தமாக வரவேண்டும் என்பதற்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது. ஆகவே பிற்கால மெஷின்கள் நோயாளியை நிலத்திலிருந்தும் மெயின் கரண்டிலிருந்தும் தனிமைப்படுத்தின.

அப்போது கறுப்பு வயருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். நொய்ஸ் கான்சலிங் இயர்போன் பாவிக்கிறவர்களுக்கு உடனே பிடிபடும். மெஷின் உடம்பு முழுக்கப் பொதுவாக இருக்கிற ஆட்டத்தை அளக்கிறது. அதைத் தலைகீழாகப் புரட்டி, கட்டுப்படுத்திய மிகச் சிறிய அளவில் வலது காலுக்குத் திருப்பி அனுப்புகிறது. சுவர் மேலே தள்ளும்போது மெஷின் கீழே இழுக்கும். ஆட்டம் பெருமளவில் அடங்கிவிடும். இந்தச் சுற்றை எப்படிச் சரியாக வடிவமைப்பது என்று அமெரிக்காவின் புரூஸ் வின்டரும் ஜோன் வெப்ஸ்டரும் 1983இல் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் இன்றைக்கும் படிக்கிறார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள்.

கறுப்பு வயர் கழன்றால், அல்லது அது பட்ட இடத்தில் ஜெல் இல்லையென்றால், கடதாசி முழுக்கப் பல்லு முளைக்கும். எல்லா வரியிலும் ஒரே மாதிரி நடுக்கம் என்றால் முதலில் பார்க்கவேண்டிய இடம் வலது கால்.

வடிகட்டினால் போதாதா?

போதும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். மெஷினில் 50 ஹேர்ட்ஸ் ஃபில்டர் என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினால் முடிந்தது தானே?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. இதயத்தின் சமிக்ஞைக்குள்ளேயும் 50 ஹேர்ட்ஸ் அளவில் வேகமான பகுதிகள் இருக்கின்றன. கூரான ஆர் முனை, அதன் பக்கத்துச் சின்ன வெட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில்தான் வருகின்றன. நோயைக் கண்டறிய எடுக்கிற ஈ.சி.ஜி.யில் 0.05 முதல் 150 ஹேர்ட்ஸ் வரை காப்பாற்றப்படவேண்டும் என்பது நியமம். 40 ஹேர்ட்ஸுக்கு மேலே எல்லாவற்றையும் வெட்டுகிற ஃபில்டரைப் போட்டால் கோடு அழகாக வரும். ஆனால் கூர் மழுங்கும், உயரம் குறையும், சின்ன வெட்டு மறையும். அரிசி புடைக்கிறபோது கல்லோடு குருணியும் போகிற மாதிரி.

50ஐ மட்டும் குறிவைத்து வெட்டுகிற ஒடுக்கமான ஃபில்டருக்கும் குறை உண்டு. மின்வலையின் தாளம் எந்நேரமும் துல்லியமாக 50இல் நிற்பதில்லை, கொஞ்சம் ஏறி இறங்கும். ஃபில்டர் அளவுக்கு மீறி ஒடுக்கமானால் இரைச்சல் பக்கத்தால் நழுவிவிடும். அதோடு கூரான துடிப்புக்குப் பின்னால் இல்லாத சின்ன அலைகளை ஃபில்டரே உண்டாக்கியும் விடும்.

1975இல் பேர்னார்ட் விட்றோவும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு கெட்டிக்கார வழி சொன்னார்கள். சுவர்ப் பிளக்கிலிருந்தே 50இன் அல்லது 60இன் ஒரு மாதிரியை எடு. நெஞ்சுக் கோட்டுக்குள் அது எவ்வளவு அளவில், எந்த நேரத் தள்ளலில் கலந்திருக்கிறது என்பதை மெஷின் தானாகவே கற்றுக்கொள்ளட்டும். கற்றதைக் கழிக்கட்டும். வலையின் தாளம் மாறினால் அதுவும் மாறிக்கொள்ளும். இரைச்சலை ஒழிக்க இரைச்சலையே படிப்பது.

எங்களைக் கவர்ந்த இடம் இது. மூலத்தைப் படிக்கும்போது இடையில் எழுதியவரின் குரல் எங்கே கலந்திருக்கிறது என்று தேடச் சொல்லித்தான் எங்களுக்கும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தோட்டத் துரையின் குறிப்பில் தொழிலாளியைத் தேடுகிறவர் துரையையும் படித்தாக வேண்டும். ஒரேயடியாக வெட்டி எறிந்தால் தேடியதும் சேர்ந்து போய்விடும். சுத்தமாக வந்த கோட்டைப் பார்த்ததும் நம்பிவிடாமல், இதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று ஒரு தடவை கேட்கவேண்டும். ஈ.சி.ஜி. கடதாசியின் ஓரத்தில் எந்த ஃபில்டர் போட்டார்கள் என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருப்பதும் அதற்காகத்தான்.

மேல் ஓட்டையும் பேனை மூடியும்

இவ்வளவு வித்தையும் ஒரு அடிப்படையை நம்பியிருக்கிறது: கட்டடத்தில் ஒழுங்கான எர்த். புவித்தொடுப்பு என்று பாடப்புத்தகம் சொல்கிறது.

எங்கள் வீடுகளை யோசித்துப் பார்த்தோம். மூன்று ஓட்டைப் பிளக்பேஸில் இரண்டு முள்ளுச் சார்ஜரைப் போட என்ன செய்வோம்? மேல் ஓட்டைக்குள் பேனை மூடியைக் குத்தி, கதவைத் திறந்து, கீழே செருகுவோம். செய்யாதவர் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். அந்த மேல் ஓட்டைதான் எர்த். நாங்கள் அதைக் கதவு திறக்கிற ஓட்டை என்றே நினைத்து வளர்ந்திருக்கிறோம். லயத்து அறைகளில் ஒரு வீட்டுக்கு வந்த வயரிலிருந்து பக்கத்து அறைக்கு இழுத்த வயர், அதிலிருந்து இன்னொன்று என்று போகும். அங்கே எர்த் கம்பி கடைசியாக நினைக்கப்படுகிற விஷயம். வாடகை வீட்டைக் கிளினிக் ஆக்குகிற இடங்களிலும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் உடைத்துப் பார்ப்பதில்லை.

நல்ல எர்த், நல்ல வயரிங், புது மெஷின் உள்ள பெரிய நகர மருத்துவமனையில் ஒருவரின் நெஞ்சு தெளிவாக விழுகிறது. பழைய வயரிங் உள்ள ஊரில் அதே நெஞ்சு பல்லுப் பல்லாக விழுகிறது. பி அலை தெரியாத கடதாசியோடு எண்ணெய் இல்லாத ஓட்டோவைத் தேடி அலையவேண்டி வருவது யாருக்கு என்பது அந்த வயரிங்கிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இதற்கும் வழி தேடியவர்கள் இருக்கிறார்கள். 2000களின் கடைசியில் பெங்களூரில் ஜி.ஈ. நிறுவனத்தின் பொறியியலாளர்கள் மெக் 400 என்ற சின்ன ஈ.சி.ஜி. மெஷினை வடிவமைத்தார்கள். இந்திய பஸ்களில் டிக்கட் அடிக்கிற மெஷினின் பிரிண்டரை எடுத்து அதில் பொருத்தினார்கள். பற்றரியில் ஓடும், கையில் தூக்கிப்போகலாம். கரண்ட் இல்லாத கிராமத்துக்காக யோசித்தது. பற்றரியில் ஓடுகிற மெஷினுக்குச் சுவரோடு வயர்த் தொடர்பு இல்லை என்பதால் இரைச்சல் நுழைகிற வாசல் ஒன்று அடைபட்டும் விடுகிறது.

அம்மாயிக்கு நடந்ததும் ஏறத்தாழ இதுவேதான். பற்றரிக்கு மாறியதால் ஒரு வாசல் அடைபட்டது. நாடே இருண்டதால் சுவருக்குள் இருந்த மற்ற வாசலும் அடைபட்டது. ஒரு நாட்டின் வீழ்ச்சி ஒரு கிழவியின் நெஞ்சைப் பத்து நிமிடம் தெளிவாகக் காட்டியது. அதற்காகக் கரண்ட் வெட்டைப் புகழ முடியாது. அதே வெட்டில் இன்னொரு இடத்தில் ஒட்சிசன் மெஷின் நின்றிருக்கும்.

ஆகவே எங்கள் வாசகர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். வீட்டில் யாரையாவது ஈ.சி.ஜி. எடுக்கக் கூட்டிப்போனால், கைபேசியையும் சார்ஜரையும் கட்டிலிலிருந்து தூர வையுங்கள். கட்டில் சுவரோடு ஒட்டியிருந்தால் கொஞ்சம் இழுக்கலாமா என்று கேளுங்கள். கோடு பல்லுப் பல்லாக வந்தால் ஒரு பெரிய கட்டத்துக்குள் எண்ணிப் பாருங்கள். 10 என்றால், "மிஸ், கறுப்பு வயர ஒருக்கா பாக்கலாமா? பற்றரியில ஒருக்கா எடுத்துப் பாப்பமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாததில்லை, வெளியே இருபது பேர் காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்து அம்மாயிக்கு வாசித்துக் காட்டினோம். பாதியில் தூங்கிவிட்டார். எழும்பியதும் கேட்டது ஒன்றுதான்: "அப்ப அந்த ஆஸ்பத்திரிச் செவுத்துல எர்த்து கம்பிய போட்டுட்டாங்களா?"

நாங்கள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த லீவில் போவோம்.